நகராத இருக்கை

...பல் பிடுங்குகிறவனுக்கெல்லாம் பழைய கார்ப் பந்தயம், மிலானிலிருந்து வந்திருக்கிறான், கார் மினுக்குகிறது, உள்ளே ஒரு திருகாவது பழசா, கையில் தோலுறை, கழுத்தில் பட்டுத்துணி, காலை பத்து மணிக்கே ஆரஞ்சு நிற மதுவை உறிஞ்சிக்கொண்டு... இவர்களுக்கு நடுவே அப்பாவின் லான்சியா காரை லாரியில் ஏற்றி வந்து நிறுத்த வேண்டியதாகிவிட்டதே என்று எவாசியோ ஸ்கரோனே முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்கில் மலைக் கணவாய்ப் பந்தயத்தில் ஜெயித்துத் திரும்பிய அன்றே அப்பா கொட்டகையில் பூட்டிய கார், இனி இதில் யாரும் உட்காரக்கூடாது என்றார், யாரும் உட்காரவில்லை, பெற்ற பிள்ளை உட்பட, வருஷத்துக்கொரு முறை மெக்கானிக் ஜன்னல் வழியே கையை விட்டு என்ஜினைக் கிளப்புவதோடு சரி, அது மரியாதை, இந்தக் கும்பலுக்கு அது தெரியுமா? இதோ டெல்ஃபினா, அவள் அப்பன் பினோட்டோ மாதிரியே குட்டை, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து வரைபடம் பார்த்து வழி சொன்ன கூலிக்காரனின் மகள், கார் அசல்தான் என்று இன்று தரப்போகும் சான்றிதழில் ஓட்டியவர் பெயராக அவனைப் போட வேண்டுமாம்.

"பந்தயம் முழுக்க எங்கப்பாதான் ஓட்டினாராம், எவாசியோ ஐயா. சாகும்போதும் அதைத்தான் சொன்னார்."

"உங்கப்பா ரெண்டு கிளாஸ் உள்ள போனா போப்பாண்டவரே நான்தான்னு சொல்லுவாரும்மா."

"அதையும் சொல்லியிருக்கார். அதை நாங்க நம்பலையே."

வாய்... அப்பனுக்கு இல்லாத வாய். பதில் சொல்வதுகூடக் கௌரவக் குறைவு. சான்றிதழ் எழுத வந்து காருக்குள் தலையை விட்டிருந்த பரிசோதகர் டார்ச்சோடு வெளியே வந்தார். "டிரைவர் சீட் போல்ட்டு மேல சிவப்புப் பெயின்ட் அப்படியே இருக்குங்கய்யா. பந்தயம் கிளம்பறதுக்கு முன்னாடி எதையும் மாத்தக்கூடாதுன்னு அடிக்கிற முத்திரை. ஒரு நூல்கூட நகரலை. இப்படி ஒரு வண்டியை நான் பாத்ததே இல்லை." கேட்டாயா மிலான்காரா, கேட்டாயா டெல்ஃபினா, ஒரு நூல்கூட... "உக்காந்து கிளப்புங்க, சத்தத்தைக் கேட்டுட்டு எழுதிடறேன்."

எவாசியோ உட்கார்ந்தார், உட்கார முயன்றார் என்பதுதான் சரி, முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்தன, காலை மடக்கினால் பெடலுக்குப் போகவில்லை, வயதானால் மூட்டு மடங்காதுதான், ஆனால் இது மூட்டா? யாரோ சீட்டை முன்னால் தள்ளியிருக்கிறார்கள், எந்த முட்டாள்... ஒரு நூல்கூட நகரலை... அப்பா தன்னைவிட நாலு விரற்கடை உயரம், கல்யாணப் படத்தில் வாசல் நிலை அவர் தலையைத் தொடுகிறது, அப்படியானால் கிளம்பும் முன்பே, முத்திரை அடிக்கும் முன்பே, இந்த இருக்கை யாருடைய காலுக்கு அளவெடுத்து... கண்ணாடிக்கு அப்பால் டெல்ஃபினா நின்றாள், அவருடைய முழங்காலையே பார்த்தபடி.

"ஸ்பேனர் இருக்கா?" என்றார்.

"சீட்டை நகர்த்தினா பெயின்ட் உடைஞ்சிடும்ங்கய்யா. அப்புறம் அசல்னு நான் எழுத முடியாது." பரிசோதகர் பேனாவைத் திறந்தார். "ஓட்டினவர் பேரு?"

யாரும் உட்காரக்கூடாது என்றாரே அப்பா, அது மரியாதைக்காக என்று யார் சொன்னது, அப்பாவா, நானா...