கொடியிடம் கேட்கிற பாட்டு

ஒலிப்பதிவாளருக்குத் தன் அறையைப் பற்றிக் கொள்ளைப் பெருமை. நாலு சுவரிலும் பஞ்சு, இரட்டைக் கதவு. வெளியே இடி விழுந்தாலும் உள்ளே தெரியாது.

காட்டிலிருந்து, கிழங்கெடுக்கும் அக்காவையும் அவள் நாத்தனாரையும் அங்கே வரவழைத்திருந்தார். கிழங்கு தோண்டும்போது அவர்கள் இனத்தார் பாடும் பாட்டு அவருக்கு வேண்டும்.

அக்கா ஓர் அடி பாடினாள். நிறுத்தினாள். எதற்கோ காத்திருப்பவள்போல் உட்கார்ந்திருந்தாள்.

"மறந்துபோச்சாக்கா?"

"மறக்கல தம்பி. எடுத்துக்கட்டுமான்னு கிழங்குக் கொடிகிட்ட கேட்டிருக்கேன். அது பதில் சொல்ல வேணாமா?"

"சொன்னதா வெச்சுக்கிட்டு அடுத்த அடிக்குப் போங்களேன்."

நாத்தனாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணி, பொண்ண ஒரு வார்த்தை கேக்காம கல்யாணத்தையே முடிச்சிடுவாரு போல!"

அத்தோடு பதிவு நின்றது. வேறு வழியில்லாமல் மறுவாரம் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவரே காட்டுக்குப் போனார். அக்கா வாயைத் திறந்ததும் மரத்தில் ஒரு குருவி கத்தத் தொடங்கியது. "உஷ்!" என்று அதை அதட்டினார்.

"அது வீட்ல வந்து நின்னுக்கிட்டு அதையே அதட்டுறியா?" என்றாள் அக்கா.

ஓர் அடி பாடி, கொடியை மெல்ல இழுத்தாள். பச்சையாக விறைத்து நின்றது. "வேணாங்குது. இன்னும் முத்தல." அடுத்த கொடியிடம் போய் அதே அடியைப் பாடி இழுத்தாள். காய்ந்த கொடி தளர்ந்து கையோடு வந்தது. பதில் என்றால் என்னவென்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காது சிவந்துபோனது.

"நீயே தோண்டு" என்று கோலை நீட்டினாள். அவர் அவசரமாகக் குத்தினார். கிழங்கு படக்கென்று முறிந்தது.

"பாட்டுக்கு முன்னால ஓடினா அப்படித்தான். கூடவே பாடு."

பாடினார். ராகம் எங்கெங்கோ போனாலும், அடிக்கு ஒரு குத்தாகக் கை நிதானப்பட்டது. மிச்சக் கிழங்கு முழுசாக வந்தது. பாட்டின் கடைசி அடி, கிழங்கின் தலைப்பகுதியை நறுக்கிக் குழியிலேயே வைத்து மூடச் சொன்னது. மண்ணைத் தள்ளி, உள்ளங்கையால் தட்டிக்கொடுத்தார். கருவி ஓடிக்கொண்டிருப்பதே அவருக்கு ஞாபகமில்லை.

"திரும்ப முளைக்குமாக்கா?" என்றார் கவலையோடு.

நாத்தனார் முந்திக்கொண்டாள்: "முளைக்கும் முளைக்கும். நீ பாடினத அது மன்னிச்சிடுச்சுன்னா!"