உதடு தெரிய வேண்டும்

எட்டு வயதில் வந்த டைபாய்டு காய்ச்சல் ஃப்ளோராவின் உயிரை விட்டுவிட்டுக் காதை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து எதிரே பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்தே அவள் பேச்சைப் புரிந்துகொள்வாள். வீட்டுக்காரன் சவரிநாதனுக்குக் கப்பலில் இஞ்சின் அறை வேலை. கையெழுத்துப் போடுவதற்கு மேல் அவனுக்கு எழுத வராது. பதினோரு மாதமாக வந்த கடிதங்கள் எல்லாம் கூட வேலை பார்க்கும் காஜா மொய்தீன் எழுதியவை. முத்து முத்தான கையெழுத்துதான். ஆனால் அதற்குள் தன் சவரியை அவள் எவ்வளவு தேடியும் அகப்படவில்லை.

எழுபத்தொன்பதாம் வருடம் ஆடி மாதம் ஊர் திரும்பிய காஜா மொய்தீன், ஒரு வீடியோ ரெக்கார்டரையும் ஒரு கேசட்டையும் ராயபுரம் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். கப்பல் இஞ்சினியரின் கேமராவில் சவரியைப் படம் பிடித்திருக்கிறார்களாம். அவனே பேசியிருக்கிறானாம்.

ஞாயிறு மத்தியானம் கொழுந்தன் லூயிஸ் டோல்கேட் பகுதியிலிருந்து வந்தான். துறைமுகத்தில் கிரேன் எலக்ட்ரீஷியன். மொட்டைமாடி ஆன்டெனா ஃப்ளோரா வீட்டுக்கும் அடுத்த வீட்டுப் பவுனம்மாளுக்கும் பொது. மேலேயிருந்து வரும் பட்டை ஒயர் ஃப்ளோராவின் டிவிக்குப் பின்னால் இரண்டு திருகாணியில் மாட்டி, அங்கிருந்தே சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போகும். அதைக் கழற்றப்போய்ப் பவுனம்மாளின் சாயங்காலப் படம் நின்றுவிட்டால்? பொல்லாப்பு எதற்கென்று, ரெக்கார்டர் ஒயரையும் அதே திருகாணியில் சேர்த்து முறுக்கிவிட்டான் லூயிஸ்.

கேசட்டைப் போட்டதும் திரையில் வந்தது சவரிதான். ஆனால் முகமெல்லாம் உப்புத் தூவினாற்போல் புள்ளி. ஒரு மூக்குக்குப் பக்கத்தில் இன்னொரு மூக்கு. வாய் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கலங்கல். ஃப்ளோரா டிவியை ஒட்டி உட்கார்ந்தும் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. சத்தமும் சரியில்லை, இஞ்சின் இரைச்சல்தான் கேட்கிறது என்றான் லூயிஸ். சத்தத்தைச் சரிபண்ணிக் காதால் கேட்டு, ஒரு காகிதத்தில் எழுதித் தரட்டுமா என்று கேட்டான்.

"இன்னொருத்தர் எழுதினது போதும் தம்பி" என்றாள் ஃப்ளோரா.

ஆன்டெனாவைத் திருப்பினான். ஒயரைச் சுரண்டி மறுபடி முறுக்கினான். ஒன்றும் ஆகவில்லை. மணி ஐந்தரை ஆனபோது பவுனம்மாள் வந்து, ஃப்ளோராவுக்குத் தன் வாய் தெரியும்படி நேரே நின்றாள்.

"இன்னாமே, உன் வூட்டுக்காரரு எங்க வூட்டு டிவில வந்து குந்திகினு கீறாரு. பொட்டிய எத்தினி தட்டு தட்டியும் எழுந்து போவ மாட்டேன்றாரு."

லூயிஸ் நெற்றியில் அடித்துக்கொண்டான். ரெக்கார்டரிலிருந்து கிளம்பும் படம், சேர்த்து முறுக்கிய ஒயர் வழியே அடுத்த வீட்டுக்கும் மொட்டைமாடிக்கும் போய்விட்டு, மிச்சம்தான் இந்த டிவிக்கு வந்துகொண்டிருந்தது. பட்டை ஒயரைக் கழற்றினால் சரியாகும். அவன் தயங்கிப் பவுனம்மாளைப் பார்த்தான்.

"கயட்டு நைனா" என்றாள் அவள். "படம் அடுத்த வாரமும் போடுவான். இந்த ஆளப் போடுவானா?"

பட்டை ஒயரைக் கழற்றி, ரெக்கார்டரின் குட்டி ஒயரை மட்டும் தனியாக மாட்டினான். பிறகு டியூனிங் திருகை இழை இழையாகத் திருப்பினான். புள்ளிகள் அடங்கின. இரண்டாவது மூக்கு முதல் மூக்கோடு போய்ச் சேர்ந்தது. மீசை வந்தது, மீசைக்குக் கீழே உதடு வந்தது. ஃப்ளோரா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

இன்னும் இஞ்சின் இரைச்சல்தான், பேச்சுச் சத்தம் வரவில்லையே என்று லூயிஸ் மறுபடி கையை நீட்டினான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடு தம்பி. எங்கிட்ட அவரு சத்தம் போட்டுப் பேசினதே இல்ல."

வீட்டிலும் சவரி அப்படித்தான். அவளோடு பேசும்போது உதட்டை மட்டும் அசைப்பான். கேளாத காதுக்குக் குரல் எதற்கு என்பான். கப்பலிலும் கேமராவுக்கு முன்னால் அப்படியே பேசியிருந்தான்.

பவுனம்மாள் லூயிஸின் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ராத்திரியில் தூக்கம் வரவில்லை என்றான் சவரி. இருமல் விட்டதா என்றான். மீசையை எடுத்துவிடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று ஃப்ளோரா தலையாட்டினாள். அவள் உதடும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் கேசட் முடிந்து திரை வெளுத்தது. அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்கத்தான் லூயிஸ் உள்ளே வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை.

"இன்னொரு வாட்டி போடு தம்பி" என்றாள் ஃப்ளோரா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் பதில் சொல்றதுக்குள்ள அவரு அடுத்த பேச்சுக்குப் பூட்டாரு."