குப்புறக் கிடந்த ரம்ஸியா

மன்னாரை விட்டுத் துரத்தப்பட்ட இரண்டாம் வருஷம், எத்தாளை அகதி முகாமில் பாயிஸுக்கு ரம்ஸியா பிறந்தாள். நடு முதுகில் தோல் மூடாமல் ஒரு முட்டையளவுக்குத் திறந்து கிடந்தது. கொழும்பில் ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு பக்கத்துத் தோலையும் தளர்த்தி இழுத்து, நடுவில் சேர்த்துத் தைத்தார்கள். சண்டையில் காயப்பட்டவர்கள் வந்து குவிந்த கிழமை அது. கட்டில் போதாமல் பத்தாம் நாளே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

“புண் ஆறும் வரைக்கும் குப்புறத்தான் கிடத்தணும். முதுகில பாரம் பட்டாத் தையல் பிரிஞ்சிடும்” என்று தாதி படித்துப் படித்துச் சொன்னாள். பாயிஸ் தலையாட்டினான். தலையாட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் குடிசையில் பிள்ளை குப்புறக் கிடப்பதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. குப்புறப் படுப்பது அல்லாஹ்வுக்குப் பிடிக்காத படுக்கை என்று, சின்ன வயதில் வாப்பா அவனைக் காலால் தட்டித் தட்டிப் புரட்டிவிடுவார். வீடு வந்த நாலாம் நாள் மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வந்தவன், மனைவி மர்ளியா கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, உடுத்திக் கழித்த பழஞ்சாரத்தை மெத்தென்று மடித்துப் போட்டுப் பிள்ளையை மல்லாத்தினான். கொஞ்ச நேரம்தானே!

அன்றைக்குத்தான் மகளின் முகத்தை முழுசாகப் பார்த்தான். அவளும் அவனையே பார்த்தாள். அந்தச் சந்தோஷத்தில் சாயங்கால அஸருக்குப் பாங்கு சொல்லும் வரை அப்படியே இருந்துவிட்டான், பாவி.

தூக்கியபோது சாரம் நனைந்திருந்தது. தையல் வாய் பிளந்து தண்ணீர் போல ஏதோ வடிந்துகொண்டிருந்தது.

சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி ஏறிக் கொழும்பு போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தது.

“ஆரு மல்லாத்திப் போட்டது?” தாதி சீறினாள்.

பாயிஸ் குனிந்து பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டான்.

“நான்தான்” என்றாள் மர்ளியா, அவன் பக்கம் திரும்பாமலே.

தாதி அவளை வாய்க்கு வந்தபடி ஏசினாள். அவன் போர்வையையே திரும்பத் திரும்ப இழுத்துவிட்டான்.

மூன்றாம் நாள் ரம்ஸியா மௌத்தானாள்.

கபுறுக் குழிக்குள் பாயிஸே இறங்கினான். பிள்ளையை வலப்பக்கம் சாய்த்து, கிப்லாத் திசையைப் பார்க்க வைத்தான். மையித்து மல்லாந்துவிடாமல் முதுகுக்கு மண்கட்டி அணை கொடுப்பது வழக்கம். எத்தாளை மணலில் கட்டிக்கு எங்கே போவது? அள்ளி அள்ளி வைத்ததெல்லாம் பொலபொலவென்று சரிந்தது. கடைசியில் உள்ளங்கையையே அந்த முதுகுக்கு அணையாகக் கொடுத்தபடி இருந்தான்.

“கையை எடுத்துட்டு மேல வாங்க தம்பி” என்றார் மூத்தவரான பக்கத்துக் குடிசை பதுர்தீன் காக்கா.

“எடுத்தா மல்லாந்திடுவா, காக்கா” என்றான் பாயிஸ்.