பத்துக்கு எட்டு

இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில், படி திரும்பும் இடத்தில் அவள் அன்றைக்கும் விழுந்தாள். முதலில் கைப்பையை நழுவவிட வேண்டும். அப்புறம் கைப்பிடியைத் தேடி, அது எட்டாத மாதிரி முழங்காலை மடக்கி, தோள் பக்கமாகச் சாய வேண்டும். தலை கடைசியில், மெதுவாக. இதற்கெல்லாமா சம்பளம் தருகிறார்கள் என்று கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. நாடகத்தில் பிணம் வேஷத்துக்கு மேல் எதுவும் கிடைக்காதவளுக்கு, மாதாமாதம் சம்பளத்தோடு விழுவதற்கு ஒரு இடம் கிடைத்ததே பெரிய விஷயம்.

மனிதர்கள் எப்போது அடுத்தவருக்கு உதவ ஓடுகிறார்கள், எப்போது ஒதுங்கிப் போகிறார்கள் என்பதுதான் அவளை வேலைக்கு வைத்திருந்த கல்லூரிப் பேராசிரியையின் ஆராய்ச்சி. ஞாபகசக்திக்கு ஒரு பரிசோதனை என்று பொய் சொல்லி ஆட்களை வரவழைத்துப் படியில் ஏற்றி அனுப்புவார்கள். தனியாக ஏறுகிறவர்கள் பெரும்பாலும் பதறிக்கொண்டு ஓடிவந்தார்கள். நாலு பேராக ஏறினால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிலர் அவள் கையைத் தாண்டிக் கால் வைத்து மேலே போனார்கள். எழுந்ததும் அவள் அவர்களைத் திட்டித் தீர்ப்பாள்.

"கல்நெஞ்சுன்னு திட்டாதீங்க," என்பார் பேராசிரியை. "பக்கத்துல நிக்கறவன் சும்மா நின்னா, ஒண்ணுமில்லபோலன்னு இவனும் நினைச்சுக்கறான். கெட்டவன் இல்ல. தப்பாப் புரிஞ்சுக்கறான்."

அவள் தலையாட்டிவிட்டு மனசுக்குள் திட்டத்தான் செய்தாள். தாண்டிப் போகிறவன் காரணமா பார்க்கிறான், போய்க்கொண்டே இருக்கிறானே.

அந்தக் கட்டடத்து லிஃப்ட்காரர் ஆராய்ச்சியில் சேர்ந்தவர் இல்லை. முதல் நாள் அவருக்கு யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை. சத்தம் கேட்டதும் உள்ளே இருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "கண்ணத் தொறம்மா, தங்கச்சி, கண்ணத் தொற," என்று கெஞ்சினார். அன்றைய வேலை பாழ். நடிப்பு என்று சொன்னதும் மற்றவர்கள் கோபப்படுவார்கள், சிலர் வெட்கப்படுவார்கள். இவர், "நிஜமில்லையே, அது போதும்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு லிஃப்டுக்குத் திரும்பினார்.

அதற்கப்புறம் தினமும் மார்க் போட ஆரம்பித்தார். அவள் எழுந்து தூசி தட்டும்போது லிஃப்ட் வாசலிலிருந்து விரல் காட்டுவார். ஆறு, ஏழு, மனசு நல்லாயிருந்தால் எட்டு. ஒருநாள் தானே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு லிஃப்டுக்கு முன்னால் சரிந்து, ஒரு கண்ணைத் திறந்து சிமிட்டி, "எனக்கு எவ்வளவு?" என்றார்.

"பத்துக்கு மூணு. செத்தவன் கண்ணடிக்க மாட்டான்ணா."

சிரிப்பு தாங்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார் மனுஷன்.

பரீட்சை விடுமுறையில் ஒரு நாள் மத்தியானம் பரிசோதனைக்கு யாரும் வரவில்லை, கட்டடமே காலியாக இருந்தது. அவள் காகிதக் கோப்பையில் டீயோடு தாழ்வாரத்தில் வந்தபோது, லிஃப்ட்காரர் கீழே கிடந்தார். ஒரு கால் லிஃப்டுக்குள் இருந்தது. கதவு மூட வருவதும், அவர் செருப்பில் முட்டித் திரும்பத் திறப்பதுமாக இருந்தது. நடிப்புக்குக் கதவைக்கூட விடவில்லையே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, கடைவாயில் எச்சில். வீட்டில் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்திருப்பார் என்று நினைத்தாள்.

"வாய்க்கோணல் பிரமாதம்ணா. பத்துக்கு எட்டு."

அவர் கண் அவளையே பார்த்தது. கண்ணடிக்கவில்லை. சொன்னதைக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று அவள் டீயை உறிஞ்சிக்கொண்டே நடந்து போனாள்.

சாயங்காலம் தரை துடைக்க வந்தவர்தான் கத்திக் கூட்டம் சேர்த்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பேச்சாவது தப்பியிருக்கும் என்றார் டாக்டர்.

பேராசிரியையிடம் மட்டும் சொன்னாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க தப்பில்ல. அது ஆபத்துன்னு உங்க மூளை எடுத்துக்கவே இல்ல." மூளை எடுத்துக்கொள்ளவில்லையாம். அந்தக் கண்ணை இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டுத்தானே போனாள். தாண்டிப் போன அத்தனை பேரையும் திட்டிய வாய் அவளுடையது. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஜன்னலோரக் கட்டிலில் லிஃப்ட்காரருக்கு அவர் மனைவி கரண்டியால் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார். "நீதான் அந்த விழற பொண்ணா? உன் கதையைச் சொல்லாம இவரு தூங்கினதே கிடையாது," என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"காலைலயே தலை சுத்துதுன்னாரு. நான்தான் லீவு போடாதீங்கன்னு அனுப்பினேன். பாவி நான்." கஞ்சியைக் கிளறினார். "அவ்வளவு பெரிய கட்டடத்துல, ஒருத்தர்கூடவா அந்தப் பக்கம் போகல?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"எட்டு," என்றார் லிஃப்ட்காரர்.

"இந்த ஒரு வார்த்தைதான்மா வருது. தண்ணி வேணும்னாலும் எட்டு, வலிச்சாலும் எட்டு." மனைவியின் முகத்தில் வெட்கம் கலந்த ஒரு சிரிப்பு வந்தது. "எங்க கல்யாணம் எட்டாம் தேதி. எல்லாம் மறந்து போயும் அதை மட்டும் பிடிச்சு வச்சிருக்காரு பாரு. அதை நினைச்சுத்தான் நான் தெம்பா நடமாடுறேன்."

நல்லாயிருந்த கை போர்வைமேல் மெதுவாக ஊர்ந்து வந்து, கட்டில் ஓரத்தைத் தட்டியது. உட்காரச் சொல்கிறாரா, சொல்லச் சொல்கிறாரா, சொல்லாதே என்கிறாரா, அவளுக்குத் தெரியவில்லை. கண் மட்டும் அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. இந்தத் தடவை அவளால் நடந்து போக முடியவில்லை.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா," என்றாள். "அந்த எட்டு…"

கணவர் வாய்க்குப் போய்க்கொண்டிருந்த கரண்டியோடு அந்த அம்மாள் திரும்பினார். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. கரண்டியிலிருந்து கஞ்சி சொட்டுச் சொட்டாக வெள்ளைப் போர்வையில் விழுந்துகொண்டிருந்தது.