சீமாட்டியின் வெள்ளைக் கால்

தெருப்பூனைகளுக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்துவைப்பது என் வேலை. கேட்டதும் எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருக்கப் பழகிவிட்டேன். பிராணிகள் காப்பகத்தில் எனக்கு ஒருங்கிணைப்பாளர் என்று பெரிய பெயர். கூண்டு வைக்க ஆள் பிடிப்பது, டாக்டரிடம் நேரம் வாங்குவது, ஆபரேஷன் ஆன பூனையைப் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடுவது, நடுவில் வரும் தலைவலி எல்லாம் என் தலையில்தான்.

அதிலும் என் அண்ணி வீட்டுத் தெருவை வழிக்குக் கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "வாயில்லா ஜீவனைப் போய் அறுக்கறீங்களே, நல்லா இருப்பீங்களா?" என்று முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினார்கள். அந்தத் தெருப் பூனைகளுக்குப் படியளப்பவர் அண்ணி. அவர் தலையாட்டினால்தான் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஒருவழியாக ஆட்டினார். ஒரே ஒரு பூனைக்கு மட்டும் பிடிகொடுக்கவில்லை.

அதற்கு அவர் வைத்த பெயர் சீமாட்டி. சாம்பல் உடம்பில் கறுப்பு வரி. இடது பின்னங்கால் மட்டும் சாக்ஸ் போட்டதுபோல் வெள்ளை. தண்ணீர் மோட்டார் அறைக்குப் பின்னால் மூன்று குட்டிகள் போட்டிருந்தது.

"குட்டிங்க பால் குடிக்குதே, இப்ப எப்படிக் குடுக்கறது?" என்றார் அண்ணி.

"காலையில எடுத்துட்டுப் போய் சாயங்காலமே விட்டுடறேன் அண்ணி. இப்ப விட்டா அடுத்த ஈத்து வயித்துல வந்துடும். என்னை நம்புங்க."

நம்பினார். பூனையைத் தன் கையாலேயே கூண்டுக்குள் வரவழைத்துக் கொடுத்தார்.

பூனை பிடிபட்டதும் கூண்டைத் துணியால் மூடிவிடுவோம். இருட்டாக இருந்தால் அது அடங்கும். எந்த இடத்துப் பூனை என்று எழுதிய அட்டையைக் கூண்டுக் கம்பியில் கட்ட வேண்டும் என்பது விதி. அந்த விதியைப் போட்டதே நான்தான். ஆனால் நூல் தேடிக் கட்டுவதைவிடத் துணியில் ஊக்கு குத்துவது சுலபம். எல்லோரும் குத்தினார்கள். நானும் குத்தினேன்.

அன்று மதியம் இரண்டு கூண்டுகளின் துணிகள் நனைந்து நாற்றமெடுத்தன. ஒன்றில் சீமாட்டி. இன்னொன்றில் ஊரின் மறுகோடியில் உள்ள சரக்குக் கிடங்கிலிருந்து வந்த பூனை. அதுவும் சாம்பல், அதுவும் வரி. ஆபரேஷன் ஆன அடையாளத்துக்கு இரண்டுக்கும் காது நுனியை வெட்டியிருந்தார்கள். நான் இரண்டு அட்டைகளையும் ஒரே கையில் கழற்றி, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, காப்பக மேலாளரோடு சண்டை போட்டபடியே புதுத் துணிகளில் குத்தினேன். சண்டையில் ஜெயித்தேன். அந்தச் சந்தோஷத்தில் கூண்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

கிடங்கு என்று அட்டை குத்தியிருந்த கூண்டை டிரைவர் கிடங்கில் இறக்கித் திறந்துவிட்டார். நான் அப்போதும் வண்டிக்குள் போனில்தான் இருந்தேன். பிறகு அண்ணி வீட்டுக்குப் போனோம். தெருவில் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். நான் கூண்டைத் திறந்தேன். பூனை வெளியே வந்து ஒரு கணம் நின்று மதில் மேல் பாய்ந்தது. பின்னங்கால் இரண்டும் சாம்பல். பார்த்துவிட்டேன்.

"இது சீமாட்டி இல்லையே," என்றார் அண்ணி.

"மயக்கம் இன்னும் முழுசாத் தெளியல, அண்ணி. கொஞ்சம் வேற மாதிரிதான் இருக்கும்."

"கால் வெள்ளையா இல்லையே."

"அழுக்கு. காலையிலேருந்து கூண்டுக்குள்ளயே கிடந்திருக்குல்ல. நான் தினம் எத்தனை பூனையைப் பாக்கறேன், எனக்குத் தெரியாதா?"

வாசல்களில் நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பூனை மாறிவிட்டது என்று அங்கே ஒரு வார்த்தை விட்டால் அந்தத் தெருவில் இனி ஒரு வாலைக்கூடத் தொடவிட மாட்டார்கள். அப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அண்ணி மதிலையே பார்த்தார். "நீ சொன்னா சரி," என்றார்.

அந்தச் சாயங்காலமே கிடங்குக்குப் போயிருக்கலாம். போகவில்லை. வீட்டுக்குப் போனேன், குளித்தேன், சாப்பிட்டேன்.

காலையில் அண்ணி போன் செய்தார். "அது வரவே இல்ல. விடிய விடிய இங்க் ஃபில்லர்ல சொட்டுச் சொட்டாப் பால் விட்டுப் பாத்தேன். சின்னது போயிடுச்சு."

டிரைவரை அழைத்துக்கொண்டு ஓடி, பூனை கிடங்குக்கு மாறிப் போயிருக்கும் என்று மட்டும் அண்ணியிடம் சொன்னேன். மிச்சமிருந்த இரண்டு குட்டிகளையும் அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு அண்ணியும் ஏறினார். செத்த குட்டியை ஒரு பழைய ரவிக்கைத் துணியில் சுற்றி, குளியலறைக் கதவோரம் வைத்துவிட்டு வந்திருந்தார். வழியில் டிரைவரிடம் அவரே பேச்செடுத்தார்.

"அவசரத்துல கூண்டை மாத்தி இறக்கிட்டீங்க போல. பரவாயில்ல, நீங்களும் மனுஷர்தானே."

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மன்னிச்சுடுங்கம்மா," என்றார் அவர்.

கிடங்கின் பின்புறம் பலகை அடுக்குகளுக்கு நடுவே காலிக் கூண்டை வைத்து, அதன் பின்பக்கக் கம்பியை ஒட்டிக் குட்டிகளின் பெட்டியை வைத்தோம். உள்ளே போனால்தான் தாய்க்குக் குட்டி தெரியும். பசியில் இரண்டும் வீறிட்டன. நாங்கள் தள்ளி உட்கார்ந்தோம். அண்ணி கைகளை மடியில் கோத்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். வராவிட்டால் அந்த முகத்தில் இனி எப்படி விழிப்பேன் என்று எனக்குப் பயமாக இருந்தது.

வந்தது. அடுக்குக்கு அடியிலிருந்து முதலில் தலை, பிறகு வரி, கடைசியில் அந்த வெள்ளைக் கால். எங்களைச் சட்டையே செய்யாமல் நேராகக் கூண்டுக்குள் போனது. கதவு விழுந்த சத்தத்துக்குக்கூடத் திரும்பவில்லை. கம்பியில் முகத்தை அழுத்திக் குட்டிகளை நக்கப் பார்த்தது.

அண்ணி கூண்டருகே மண்டியிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இனிமே பாத்து இறக்குங்க," என்றார் டிரைவரிடம்.

"சரிங்கம்மா," என்றார் அவர். அவர் குரலில் கோபம்கூட இல்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

"அவர் இல்ல, அண்ணி. அட்டையை மாத்திக் குத்தினது நான்."

அண்ணி நிமிர்ந்தார். "கை தவறிப்போறது யாருக்கும் வரும்," என்றார். பிறகு கூண்டுக்குள் தெரிந்த அந்த வெள்ளைக் காலைப் பார்த்தார். "நேத்து அழுக்குன்னு சொன்னியே. அப்பவே தெரியுமா?"

தெரியாது என்றால் நம்பியிருப்பார். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

"தெரியும்," என்றேன்.

அண்ணி தலையை மட்டும் அசைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். பூனை பயப்படுமே என்று நான் துணியை எடுத்துக்கொண்டு கூண்டருகே போனேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நான் போட்டுக்கறேன். நீ தொடாதே."