மணமகளின் தம்பி சீனி

“பேனாவை மூடுங்கன்னு சொல்லுதேன்லா—”

“நீ வாயை மூடுட்டி! முந்நூறு பத்திரிகையிலயும் நாய் பேரு—”

“நாயின்னு சொல்லாதிய. அவன் காதுல விழப்போவுது.”

“விழட்டும்ட்டி! நல்லா விழட்டும்!”

முனீஸ்வரன் மடியில் கல்யாணப் பத்திரிகைக் கட்டு. ஒரே மகள் உமாராணிக்குக் கார்த்திகை பத்தாம் தேதி கல்யாணம். அச்சாபீசுக்குப் போன காகிதம் உமாராணி கையெழுத்து. ஆனால், ‘தங்கள் வருகையை எதிர்நோக்கும்’ என்பதற்குக் கீழே, ‘மணமகளின் தம்பி சீனி’ என்று சேர்க்கச் சொன்னவள் அவர் மனைவி சங்கரம்மாள்தான்.

“ஏன்ட்டி, இது ஒனக்கே நல்லாருக்கா?”

“நாலு வருசமா டைப்பு கிளாசுக்குப் போற புள்ளைய மினிபஸ் ஏத்திவிடுதவன் யாரு? சாயந்திரம் பஸ்ஸு பிந்துனா அங்கனயே நிக்கவன் யாரு? அவ காய்ச்சல்ல கெடந்தப்ப கட்டிலுக்குக் கீழ பச்சத்தண்ணி குடிக்காம கெடந்தானே, நீங்க கெடந்தியளா? ரெண்டாந்தரம் ரசம் ஊத்தச் சொன்னிய.”

“அதுக்கு? பதினோரு மணி பஸ்ஸுல சம்பந்தி வாராவ. தம்பி எங்கன்னு கேட்டா நான் வாலைத் தூக்கிக் காட்டவா?”

சம்பந்தி என்றதும் சங்கரம்மாளுக்கும் யோசனைதான். அவர் முகத்தைச் சுளித்துவிட்டால், மகள் போகிற இடத்தில் முதல் நாளே ஒரு குறை. ஆனாலும் பேரை அடிக்க மனசு வரவில்லையே.

முனீஸ்வரன் பேனாவை ஊன்றப் போனவர் நிறுத்தினார். பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள். அடுத்ததை எடுத்தார், மஞ்சள். கட்டையே கவிழ்த்தார். அத்தனையிலும் மஞ்சள்.

“எப்பம்ட்டி வச்ச?”

“விடியக்காலம். மஞ்சள் வச்ச பத்திரிகையில பேரை அடிச்சா ஆகாதுன்னு ஒங்க தங்கச்சி கல்யாணத்துல குதிச்சது நீங்கதானே? இப்பம் அடிங்க, பாப்போம்.”

மஞ்சள் அப்பிய விரல்களைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். முனீஸ்வரன் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கையிலேயே வாசலில் செருப்புச் சத்தம்.

மாப்பிள்ளையின் அப்பா கோபாலசாமி, மழையில் நனைந்த குடையை உதறிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வெளுத்து இஸ்திரிப் பெட்டிபோட்ட வேட்டி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரிகையை எழுத்தெழுத்தாக வாசித்தவர் ஓரிடத்தில் நின்றார்.

“மச்சான், ஒத்தப் பொண்ணுன்னுல்லா சொன்னிய? பையன் ஒருத்தன் இருக்கானா?”

முனீஸ்வரன் இருமினார்.

“மச்சினனுக்கு மாப்பிள்ளை வீட்டு வேட்டி எடுக்கணுமே! விட்டுப்போயிருந்தா ஊரு என்னையில்லா ஏசும்? எங்க அவன், தங்கச்சி?”

சங்கரம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். ஆனது ஆகட்டும் என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“இங்கனதான் அண்ணாச்சி நின்னான். ஏலே சீனீ!”

கம்மங்காட்டிலிருந்து ஓடி வந்தது வெள்ளை நாய். நாலு காலிலும் முட்டிவரைக்கும் கரிசல் மண், கறுப்புக் காலுறை போட்டதுபோல. புது ஆளைக் கண்ட சந்தோஷத்தில் ஒரே தாவு. வெள்ளை வேட்டியில் இரண்டு கறுப்புப் பாதம் பதிந்தது.

முனீஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டார். கதவிடுக்கில் நின்ற உமாராணி தாவணியை வாயில் திணித்துக்கொண்டாள்.

“இவன்தான் அண்ணாச்சி,” என்றாள் சங்கரம்மாள்.

கோபாலசாமி பத்திரிகையைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. நாற்காலியும் சேர்ந்து குலுங்கியது.

“அட பாவிகளா! எங்க எருமை லெச்சுமி பேரைப் போடணும்னு எம் வீட்டுக்காரி ஒரு வாரமா மல்லுக்கட்டுனா. சம்பந்தி வீட்ல சிரிப்பாவன்னு அடக்கி வச்சிட்டு வந்தேன். இனி நான் எந்த மொகத்தோட வீட்டுக்குப் போக?”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மடியிலிருந்த சேற்றுக்காலைப் பிடித்து மெல்ல ஒரு குலுக்குக் குலுக்கினார். சீனி வாலை ஆட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தது.

“அது கெடக்கட்டும். சொல்லும் மருமகனே, உமக்கு எத்தனை முழத்துல வேட்டி எடுக்கட்டும்?”