மிளகு காய்ந்த மைல்

கலந்தர் ஹாஜியார் மாத்தளையில் மிளகு வாங்கி விற்கிறவர். ஆனால் அவருடைய ஸ்டோரில் மூன்று வருடமாக மிளகு இல்லை, கார் இருந்தது. எல்கடுவ தோட்டத்தில் கோழிகள் குடியிருந்த பழைய துரை காருக்கு லொறி எஞ்சின் பூட்டி, அவரும் மெக்கானிக் அந்தோனிமுத்துவும் கட்டியது. கால்வாசி துரையுடையது, கால்வாசி லொறியுடையது, மீதி அந்தோனிமுத்துவின் துணிச்சல். ஹாஜியார் அதைச் ‘சரித்திர வாகனம்’ என்பார். கோழி வாசனை மட்டும் இன்னும் போகவில்லை.

மனைவி றஹீமா கடைசியில் நிபந்தனை வைத்தாள்.

“ஒரே ஒரு தரம் அறுபது மைல்ல ஓட்டி என் கண்ணுக்குக் காட்டுங்க. இல்லாட்டி இத வித்துட்டு ஸ்டோரக் காலி பண்ணுங்க. மிளகு மூட்டை பூரா என் கட்டிலுக்குக் கீழ. தும்மியே மவுத்தாகிருவேன்.”

பல்லேபொலவில் ஒரு மைல் நேர் ரோட்டை ஞாயிறு இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை மூட ஹாஜியார் அனுமதி வாங்கினார். பள்ளிவாசல் பக்கம் ‘மாவட்டத்தின் முதலாவது வேகச் சாதனை’ என்று பதாகை. பிரமுகர்களுக்கு மூன்று கதிரை. ஒருவரும் வராததால் அந்தோனிமுத்துவின் ஸ்பானர்கள் அவற்றில் அமர்ந்திருந்தன. அவற்றுக்கு ஹாஜியார் இருபது நிமிடம் உரையாற்றினார். பிறகு தொப்பிக்கு மேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்து, றஹீமாவைப் பக்கத்திலும் அந்தோனிமுத்துவைப் பின்னாலும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்.

நாற்பது. நாற்பத்தெட்டு. ஐம்பத்திரண்டு. மேட்டைத் தாண்டியதும் ரோடு முழுக்கக் கறுப்பு. தார் இல்லை, மிளகு. பாய் பாயாக ஊர்ப் பெண்கள் காயப்போட்டிருந்தார்கள்.

எமனே வந்தாலும் மிளகு முதலாளி மிளகின்மேல் டயர் ஏற்றமாட்டார். கார் முதல் பாய்க்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

“என்ன கைறுன்னிஸா இது?”

மிளகைக் கிளறிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “நாலு மணி வரைக்கும் ஒரு வாகனமும் வராதுன்னு பள்ளி ஸ்பீக்கர்ல சொன்னாங்களே ஹாஜியார் நானா. ரோட்ட மூடித் தந்தது யாரா இருந்தாலும் அல்லாஹ் ரஹ்மத் செய்யணும்னு துஆக் கேட்டோம்.”

“நான்தான் மூடினேன். நான் கார் ஓடுறதுக்கு.”

“அத ஸ்பீக்கர்ல சொல்லல்லியே.”

ஹாஜியார் இறங்கி, பழக்க தோஷத்தில் ஒரு மிளகை எடுத்துக் கடித்தார். “இன்னும் ஒரு வெயில் வேணும்.”

வெயிலுக்குப் பதிலாக மழை மலையிறங்கியது. பெண்கள் பாய்களைச் சுருட்டிச் சாக்குகளில் கொட்டினார்கள். ஒதுங்க இடம் ஒரு மைல் பின்னால், பள்ளிவாசல் மண்டபம்தான். சாக்குகள் காரில் ஏறின. றஹீமாவின் மடியில் ஒன்று, அந்தோனிமுத்துவின் மேல் ஆறு.

ஹாஜியார் மிதித்தார். பின்னால் மழை துரத்தியது. ஐம்பது. ஐம்பத்தெட்டு. அறுபத்திரண்டு. மண்டபத்து வாசலில் நின்றபோது ஒரு மணி மிளகுகூட நனையவில்லை.

“பார்த்தியா றஹீமா? அறுபத்திரெண்டு.”

“நான் எங்க பார்த்தேன்? கண்ண மூடிக் கலிமா சொல்லிக்கிட்டிருந்தேன்.”

“அந்தோனிமுத்து, நீ?”

சாக்குகளுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. “நான் மாதாவக் கூப்பிட்டுக்கிட்டிருந்தேன் மொதலாளி.”

றஹீமா மடியிலிருந்த சாக்கைத் தட்டிப் பார்த்தாள். நனைந்திருந்தால் வேறு மாதிரித் தீர்ப்பு வந்திருக்கும்.

“சரி, விக்க வேணாம். ஸ்டோர்லயே நிக்கட்டும். என் கட்டிலுக்குக் கீழ இருக்கிற மூட்டையெல்லாம் காருக்குள்ள ஏத்துங்க.”

கோழிகளுக்குப் பிறகு மிளகு குடிவந்தது. சரித்திர வாகனத்தைக் காட்டி ஹாஜியார் இன்றும் அறுபத்திரண்டு மைல் கதையைச் சொல்கிறார். வந்தவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கதவிடுக்கில் கைவிட்டு ஒரு மிளகை எடுத்துக் கடிக்கிறார்கள்.

“இன்னும் ஒரு வெயில் வேணும் ஹாஜியார்.”